40 மைக்ரான் பட்ஜெட்: மலிவு பாலிஷரில் கார் பெயின்ட் கீறலை எடுப்பது எப்படி?



போன எபிசோட் கடைசியில் பத்து நிமிஷம் பேசிட்டு ஓடிப்போன விஷயத்துக்குத்தான் இந்த வாரம் அதிகமா கேள்வி வந்திருக்கு. 200 திர்ஹம் பாலிஷரை வச்சு, கார் பெயின்டில் தெரியும் அந்த வட்ட வட்டக் கீறல்களை எடுக்க முடியுமா? முடியும். ஆனா மெஷின் அங்கே என்ன செய்யுது, எங்கே நிறுத்தணும்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் கை வைக்கணும். ஏன்னா இந்த வேலையில் ‘அன்டூ’ பட்டன் கிடையாது. பெயின்ட்டிலிருந்து எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

வட்டம்னு ஒண்ணு இல்லவே இல்ல

ராத்திரி பெட்ரோல் ஸ்டேஷன் விளக்குக்குக் கீழே நிற்கும் கறுப்புக் காரைப் பாருங்க. விளக்கின் பிம்பத்தைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி மெல்லிய வட்டங்கள் தெரியும். இதைத்தான் ஸ்வர்ல் மார்க்னு சொல்றாங்க. யாரோ வட்ட வட்டமா தேய்ச்சிருக்காங்கன்னு தோணும். உண்மையில் அந்தக் கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் கிடக்கு.

ஒவ்வொரு கீறலும் ஒரு நுண்ணிய பள்ளம். அதோட ஓரம் வெளிச்சத்தை ஒரு குறிப்பிட்ட பக்கமாத்தான் திருப்பி அனுப்பும். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி மனசுக்குள்ள ஒரு வட்டம் போட்டுக்குங்க. அந்த வட்டக் கோட்டின் போக்கிலேயே கிடக்கும் கீறல்கள் மட்டும் வெளிச்சத்தை உங்க கண்ணுக்கு அனுப்புது. மற்றதெல்லாம் வேறு பக்கம் அனுப்புது, அதனால் கண்ணுக்குத் தெரியல. சந்தேகமா இருந்தா மொபைல் டார்ச்சை நகர்த்திப் பாருங்க. வட்டமும் கூடவே நகரும். அம்மா சமையலறையில் இருக்கும் பழைய எவர்சில்வர் தட்டை பல்புக்கு நேரா பிடிச்சாலும் இதே வட்டம் தெரியும். யாரும் அதை வட்டமா மட்டும் தேய்க்கல.

இது ஏன் முக்கியம்? “நேர்கோட்டில் துடைச்சா ஸ்வர்ல் வராது” என்பது பாதி உண்மைதான். எந்தத் திசையில் துடைச்சாலும் துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் மணல் இருந்தா கீறல் விழும். குற்றவாளி கையோட திசை இல்ல, நடுவில் மாட்டின மணல்.

உங்க கையில் இருப்பது எவ்வளவு?

கார் பெயின்ட் ஒரே அடுக்கு இல்ல. உலோகத்துக்கு மேல துரு பிடிக்காமல் காக்கும் மின்பூச்சு, அதுக்கு மேல ப்ரைமர், அப்புறம் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாத்துக்கும் மேல நிறமே இல்லாத கிளியர் கோட். தொழிற்சாலையிலிருந்து வரும் பெரும்பாலான வண்டிகளில் எல்லாம் சேர்த்து 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். அதில் கிளியர் கோட் மட்டும் ஏறக்குறைய 35 முதல் 50. ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதாவது உங்க வண்டியின் பளபளப்பு முழுக்க, ஒரு முடியை விட மெல்லிய அடுக்கில் இருக்கு.

ஸ்வர்ல் கீறல்கள் இருப்பதும் இந்தக் கிளியர் கோட்டில்தான். பாலிஷ் பண்றதுன்னா பள்ளத்தை நிரப்புறது இல்ல. பள்ளத்தின் அடி வரைக்கும் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைச் சீவி மட்டமாக்குறது. மென்மையான ஃபோம் பேடும் ஃபைன் பாலிஷும் போட்டா ஒரு மைக்ரான் அளவில் போகும். கட்டிங் பேடும் காம்பவுண்டும் போட்டா இரண்டு, மூன்றுன்னு போகும்.

எஸ்எஸ்டி-க்கு எழுதும் எண்ணிக்கை வரம்பு இருக்கிற மாதிரி, வண்டிக்குப் பாலிஷ் எண்ணிக்கை வரம்பு இருக்கு. அதுவும் வளைகுடாவில் இந்தப் பட்ஜெட் இன்னும் இறுக்கம். கிளியர் கோட்டில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் ரசாயனம் கலந்திருக்கும். அடுக்கு மெலிய மெலிய, நம்ம ஊர் வெயிலுக்கு எதிரான காப்பும் குறையும். கூரையும் பானெட்டும் வெளுத்து, தோல் உரிவது மாதிரி கிளியர் கோட் உரியும் பழைய வண்டிகளை ஷார்ஜாவில் எத்தனை பார்த்திருப்பீங்க! அந்த நிலைக்கு வந்ததை எந்தப் பாலிஷரும் சரி பண்ணாது. மறு பெயின்ட் ஒண்ணுதான் வழி.

எந்த மெஷின்?

கடையில் ‘கார் பாலிஷர்’னு போட்டிருப்பதில் இரண்டு வகை இருக்கு.

ஒண்ணு ரோட்டரி. கிரைண்டர் மாதிரி ஒரே அச்சில் சுற்றும். வேகமா வெட்டும், சூடும் அதிகம். அனுபவம் உள்ள கைக்கு அற்புதமான கருவி. புதுசா தொடங்குறவங்க ஒரு விளிம்பில் சில விநாடி நிறுத்தினாலே கிளியர் கோட்டைத் தாண்டிடும்.

இன்னொண்ணு டூயல் ஆக்‌ஷன், சுருக்கமா டி.ஏ. பேடின் மையம் ஒரு சின்ன வட்டத்தில் அதிரும். அதே நேரத்தில் பேடும் தன்னைத்தானே தளர்வா சுற்றும். நீங்க ரொம்ப அழுத்தினா அந்தச் சுற்று நின்று போகும், அதிர்வு மட்டும் மிஞ்சும். இந்தப் பலவீனம்தான் நமக்குப் பாதுகாப்பு. நம்ம வாங்க வேண்டியது இதைத்தான்.

பெட்டியின் மேல போட்டிருப்பதை நம்பாதீங்க. கடையிலேயே பேக்கிங் பிளேட்டைக் கையால் மெதுவா திருப்பிப் பாருங்க. பிளேட்டின் மையம் அச்சை விட்டு விலகி ஆடினா டி.ஏ. அசையாமல் ஒரே இடத்தில் சுற்றினா ரோட்டரி.

டி.ஏ.வில் 8, 15, 21 மி.மீ. என்று ஒரு எண் போட்டிருக்கும். மையம் ஆடும் வட்டத்தின் விட்டம் அது. இத்தாலியின் ரூபெஸ் நிறுவனம் 15, 21 மி.மீ. பிக்ஃபுட் மெஷின்களைக் கொண்டு வந்த பிறகுதான் பெரிய ஆட்டம் பிரபலமாச்சு. பெரிய ஆட்டத்தில் வேலை சீக்கிரம் முடியும். ஆனா எடை சமன் சரியா இல்லாத மலிவு மெஷினில் 21 மி.மீ. வாங்கினா அரை மணி நேரத்தில் கை மரத்துப் போகும். பட்ஜெட் வகையில் 8 அல்லது 15 போதும்.

மலிவு மெஷினில் மோட்டார் பெரும்பாலும் பரவாயில்லை. சொதப்புவது கூட வரும் பேக்கிங் பிளேட்டும் பேடுகளும்தான். அதை மட்டும் மாத்தினாலே வேற மெஷின் மாதிரி ஆயிடும். மாத்தும்போது மரை அளவைப் பாருங்க. 8 மி.மீ. வகையில் பலவற்றில் அங்குலக் கணக்கு மரை, 15, 21-இல் பெரும்பாலும் எம்8, ரோட்டரியில் எம்14. பழைய பிளேட்டைக் கழற்றிக் கடைக்குக் கையோட எடுத்துட்டுப் போறது உத்தமம். அமெரிக்காவிலிருந்து ஆர்டர் போடுறவங்க 110 வோல்ட் மாடலை வாங்கிடாதீங்க. நம்ம சுவரில் வருவது 220–240.

பில்லையும் போட்டுடுறேன். என் கணக்கில் மெஷின் 195, பிளேட் 60, பேடு ஆறு 150, காம்பவுண்டும் பாலிஷும் 160, துணி, டேப், கிளே பார், ஆல்கஹால் எல்லாம் சேர்த்து 110. மொத்தம் 675 திர்ஹம். நான் விசாரிச்ச கடைகள் ஒரு வண்டிக்கு 800 முதல் 1,500 வரை கேட்டாங்க. முதல் வண்டியில் மிச்சம் பெரிசா ஒண்ணும் இல்ல, ஒரு வார இறுதியும் போகும். லாபம் இரண்டாவது தடவையில்தான். இதைத் தெரிஞ்சுக்கிட்டே இறங்குங்க.

பேடு, காம்பவுண்டு

காம்பவுண்டில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு துகள். சில வகையில் தேய்க்கத் தேய்க்கத் துகள் உடைஞ்சு பொடியாகும். அதை முழுசா வேலை வாங்கணும், பாதியில் துடைச்சா மங்கலா நிற்கும். வேறு வகையில் துகள் ஆரம்பத்திலிருந்தே ஒரே சின்ன அளவில் இருக்கும். பாட்டில் பின்னாடி எழுதியிருப்பதைப் படிங்க.

பேடில் கம்பளி, மைக்ரோஃபைபர், ஃபோம்னு வகை உண்டு. நமக்கு ஃபோம் போதும், நடுத்தரம் நாலு, மென்மையானது இரண்டு. நிறத்தைப் பார்த்து வாங்காதீங்க. ஒரு கம்பெனியில் ஆரஞ்சு என்றால் கட்டிங், இன்னொண்ணில் அதே நிறம் வேற வேலைக்கு. நிறத்துக்குப் பொதுவான தரநிலை கிடையாது.

வேலை செய்யும் வரிசை

1. நிழலும் குளிர்ந்த உலோகமும் வேணும். கோடை வெயிலில் கறுப்பு பானெட் 70 டிகிரியைத் தாண்டும். காம்பவுண்டு வேலை செய்றதுக்கு முன்னாடியே காய்ஞ்சு பொடியாயிடும். புறங்கையை வச்சா இதமா இருக்கணும். நான் டிசம்பர், ஜனவரியில், நண்பர் வில்லாவின் மூடிய கராஜில் செய்வேன். ஃபிளாட்டில் இருக்கிறவங்க பேஸ்மென்ட்டில் பிளக் தேடுறதுக்கு முன்னாடி கட்டட நிர்வாகத்திடம் கேட்டுடுங்க.

2. நல்லா கழுவுங்க. அப்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு பெயின்டைத் தடவிப் பாருங்க. சொரசொரன்னு இருந்தா கிளே பார் போடணும். ஒட்டியிருக்கும் அழுக்கை விட்டுட்டு பாலிஷ் பண்ணினா, அதையே பேடு இழுத்துக்கிட்டுப் போய் புதுக் கீறல் போடும்.

3. விளிம்புகள், உடல் மடிப்புகள், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாத்துக்கும் டேப் ஒட்டுங்க. பெயின்ட் காயும்போது கூரான விளிம்பிலிருந்து விலகி ஓடும். அதனால் அங்கே அடுக்கு எப்பவும் மெல்லிசு.

4. முதல் தோசை சோதனை. கல்லு சூடு சரியா இருக்கான்னு முதல் தோசைதான் சொல்லும். அதே மாதிரி பானெட்டில் 50 செ.மீ. சதுரம் ஒண்ணு மட்டும் முதலில். இதுதான் உங்க ஸ்டேஜிங் சர்வர். இருப்பதிலேயே மென்மையான பேடு, ஃபைன் பாலிஷில் தொடங்குங்க. கீறல் போனா அதுவே போதும். போகலைன்னா பேடை மாத்துங்க, அதுவும் போதலைன்னா காம்பவுண்டை மாத்துங்க. ஒரு தடவையில் ஒண்ணை மட்டும் மாத்தினாத்தான் எது வேலை செஞ்சுதுன்னு தெரியும். ஜப்பான் வண்டிகள் சிலதில் கிளியர் கோட் மென்மை, ஜெர்மன் வண்டிகள் சிலதில் கடினம்னு பொதுவா சொல்வாங்க. உங்க வண்டி எதுன்னு இந்தச் சதுரம்தான் சொல்லும்.

5. பேடில் நாலைந்து துளி போதும். மெஷினை ஆஃபில் வச்சே நாலு இடத்தில் ஒற்றிட்டு, குறைந்த வேகத்தில் பரப்புங்க. அப்புறம் டயலை 4 அல்லது 5-க்கு ஏத்துங்க. விநாடிக்கு இரண்டு மூன்று செ.மீ. தான் நகரணும். முதலில் இடவலமா, அடுத்து மேல்கீழா, ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மூடணும். நாலு முதல் ஆறு சுற்று. மெஷினின் எடையோட கொஞ்சம் கையழுத்தம் போதும்.

6. பேக்கிங் பிளேட் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைங்க. ஓடும்போது கோடு சுற்றுவது தெரியணும். நின்னுட்டா அழுத்தம் அதிகம், அல்லது பேடு சாய்ஞ்சிருக்கு. பேடு தட்டையா உட்காரணும்.

7. துடைச்ச பிறகு தண்ணியில் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை, 10–15 சதவீதம், தெளிச்சு இன்னொரு துணியால் துடைங்க. இதை விட்டுடாதீங்க. பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலுக்குள் புகுந்து தற்காலிகமா மறைக்கும். ஆல்கஹால் அதைக் கழற்றி உண்மையைக் காட்டும். பிறகு டார்ச் அடிச்சுப் பாருங்க.

8. சோதனைச் சதுரம் திருப்தியா இருந்தா அதே முறையை வண்டி முழுக்க. இரண்டு பகுதிக்கு ஒரு தடவை பேடை பிரஷால் சுத்தம் பண்ணுங்க, சூடானா மாத்துங்க. ஒரு செடானுக்கு எட்டு மணி நேரம் போகும், இரண்டு நாளா பிரிச்சுக்குங்க. கண்ணாடியும் மாஸ்க்கும் போடுங்க. ஒயர் தோள் மேல இருக்கட்டும். முடிச்சதும் ஒரு சீலன்ட் அல்லது மெழுகு.

எப்போ கை வைக்கக் கூடாது?

நகத்தால் குறுக்கே இழுக்கும்போது மாட்டினா அந்தக் கீறல் ரொம்ப ஆழம். அதைத் துரத்திக்கிட்டுப் போனா கிளியர் கோட் காலி. சுற்றியிருக்கும் மெல்லிய கீறல்களை எடுத்துட்டு அதை அப்படியே விட்டுடுங்க. பத்தில் எட்டு போனாலே கண்ணுக்குப் புது வண்டி.

பழைய வண்டி வாங்கினவங்க இன்னும் ஜாக்கிரதை. பெயின்ட் தடிமன் மீட்டர் வச்சிருக்கும் ஆளைப் பிடிச்சு ஒரு தடவை அளந்துடுங்க. 100–150-க்கு நடுவில் சீரா இருந்தா ஒரிஜினலா இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு கதவு மட்டும் 250, 300 காட்டினா அது மறு பெயின்ட். அமெரிக்க ஏலத்தில் எடுத்து இங்கே சரி பண்ணி விற்கும் இடிபட்ட வண்டிகள் ஷார்ஜா சந்தையில் சாதாரணம், அதனால் இது அதிசயம் இல்ல. மறு பெயின்டின் மேல்பூச்சு எவ்வளவு, எவ்வளவு கடினம்னு ஊகிக்கவே முடியாது. சாதாரண மீட்டர் மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், கிளியர் கோட்டை மட்டும் பிரிச்சுச் சொல்லாது. பிளாஸ்டிக் பம்பரில் அது வேலையே செய்யாது.

கான்ட்ராக்ட் முடிஞ்சு வண்டியை விற்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. விற்குறதுக்கு முன்னாடி ஒரு மென்மையான சுற்று போட்டா விலை பேச உதவும். ஆனா கடினமா வெட்டித் தளதளன்னு ஆக்கிக் கொடுத்தா, வாங்குறவருக்கு மிச்சம் இருக்கும் அடுக்கை நீங்க செலவழிச்சுட்டீங்க. அவரும் பெரும்பாலும் நம்மைப் போலவே கணக்குப் பார்த்து வாங்குற ஆள்தான்.

‘9எச்’ என்ன சொல்லுது?

“செராமிக் கோட்டிங் போடுங்க, 9எச் கடினம், கீறலே விழாது” என்று கடையில் சொல்வாங்க. அந்த 9எச் பென்சில் அளவுகோல். 9எச் பென்சிலால் அழுத்தினாலும் பூச்சு தாங்குதுன்னு அர்த்தம். தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோல் வேற. அதில் வைரம் 10, நம்ம மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7, சாதாரணக் கண்ணாடி ஐந்தரை. பென்சில் கணக்கின் 9-ஐ வைரத்துக்குப் பக்கத்தில் வச்சு நினைக்க வேண்டாம். செராமிக் நல்ல பொருள்தான். தண்ணி ஒட்டாது, தூசி சுலபமா போகும். மணலோட தேய்ச்சா அதுவும் கீறும். கீறலை எடுக்காம மேல பூசினா, கீறலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட மாதிரி.

மறுபடி வராமல் இருக்க

ஷமால் காற்று ஒரு தடவை அடிச்சாலே வண்டி மேல மாவு சலிச்ச மாதிரி தூசி. கழுவாமலும் விட முடியாது. பொது பார்க்கிங்கில் அழுக்கோட கிடக்கும் வண்டிக்கு 500 திர்ஹம் அபராதம்னு துபாய் நகராட்சி 2019-இல் எச்சரிச்சது ஞாபகம் இருக்கும். அதனால் நம்ம ஆளுங்க பெரும்பாலும் மாசக் கணக்கில் கட்டடத்தில் கழுவ விடுறோம்.

நாம தூங்கும்போது, ராத்திரியிலோ விடியற்காலையிலோ, ஒரு அண்ணன் ஒரு வாளித் தண்ணி, ஒரு துணியோட வரிசையா வண்டிகளைத் துடைச்சுக்கிட்டுப் போறார். மூணாவது வண்டியிலேயே அந்தத் தண்ணி மணல் கரைசல். பத்தாவது வண்டி உங்களுடையதா இருந்தா உப்புத்தாளால் தேய்ச்ச மாதிரிதான். “வாட்ச்மேன் வண்டியை நாசம் பண்ணிட்டான்”னு வாட்ஸ்ஆப் குரூப்பில் எழுதுறதைப் பார்த்திருக்கேன். அவருக்குக் கொடுத்த வாளி ஒண்ணு, துணி ஒண்ணு, நேரம் ஐந்து நிமிஷம். அந்த மூணையும் வச்சுக்கிட்டு யாராலும் கீறல் விழாம துடைக்க முடியாது.

நான் செய்வது இது. உங்க வண்டிக்குன்னு தனியா நாலு மைக்ரோஃபைபர் துணி, ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் ரின்ஸ்லெஸ் வாஷ். ஆப்டிமம் நிறுவனத்தின் நோ ரின்ஸ் போன்ற திரவத்தை 5 லிட்டர் தண்ணிக்கு சுமார் 20 மி.லி. கலந்தா போதும். தாராளமா தெளிச்சு, ஒரு நிமிஷம் ஊற விட்டு, அழுத்தாம துடைச்சு, துணியை மடிச்சு சுத்தமான பக்கம் திருப்பணும். இதை அவருக்கு ஒரு தடவை நிதானமா காட்டிக் கொடுங்க. கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் காசும் கொடுங்க. மாசம் 30 திர்ஹம் அதிகமா போகும். பானெட்டுக்கு மறு பெயின்ட் என்ன விலைன்னு ஒரு கராஜில் கேட்டுட்டு வந்து ஒப்பிட்டுப் பாருங்க.

பாலிஷர் கீறலை எடுக்கும். கீறல் விழும் வழியை அடைக்கிறது அந்த நாலு துணிதான். இரண்டாவது வேலையைச் செய்யாம முதல் வேலையை மட்டும் வருஷா வருஷம் செஞ்சா, 40 மைக்ரான் ரொம்ப நாள் வராது.

சோதனைச் சதுரம் போட்டுப் பார்த்தவங்க, டார்ச் வெளிச்சத்தில் எடுத்த முன்-பின் படங்களை இந்த மெயிலுக்கே பதிலா அனுப்புங்க. வண்டி மாடல், பேடு, பாலிஷ் மூணையும் மறக்காம எழுதுங்க. அடுத்த எபிசோடில் சேர்த்து வச்சுப் பேசலாம்.